நைரோபியில் மூச்சு வாங்குகிறது, அக்கா!

ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அங்கேயே மாரத்தான் ஓடுவது பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். நான் நைரோபியில் பள்ளி ஆசிரியை, உயிரியல் பாடம். சொந்த ஊர் நாகர்கோவில். ஓடப் பழகியது இங்கே வந்த பிறகுதான். பழக்கியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். அதனால் என் பதில்களில் அவர்களிடம் கற்றதே அதிகம் இருக்கும்.

கே: கோவையில் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடுவேன். ஏப்ரலில் நைரோபிக்கு மாற்றலாகி வந்தேன். இங்கே மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு இரைத்து நின்றுவிடுகிறேன். அக்டோபரில் நைரோபி மாரத்தானில் முழுத் தூரம் ஓட ஆசை. நடக்குமா, அக்கா?
— மென்பொருள் பொறியாளர், நைரோபி

ப: நடக்கும், தம்பி. ஆனால் அந்த 55 நிமிடக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம். நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர். குன்னூரில் குடியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் ஒன்றுதான்; இங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடம்பு இதைச் சரிக்கட்டத் தெரிந்ததுதான். சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், அதைக் கண்டு எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். இதெல்லாம் நடக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் நீங்கள் சொல்வதுபோல மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கத்தான் வேண்டும். நுரையீரலில் கோளாறு இருக்குமோ என்று பயப்படாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

எந்த வேகத்தில் ஓடுவது? எங்கள் சனிக்கிழமைக் குழுவில் வங்கிக் காவலாளி ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். புதிதாக யாராவது வந்தால் அவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள், பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள், வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே வருவார். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கையைத் தாழ்த்தி ஆட்டுவார். குழு மொத்தமும் வேகத்தைக் குறைத்துவிடும். யாரும் முகம் சுளிப்பதில்லை. கையில் கட்டும் கடிகாரத்தைவிட அவர் கேள்விகளை நான் நம்புகிறேன். உங்களுக்கு முதல் இரண்டு மாதம் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், மேட்டில் ஏழு நிமிடம் ஆனாலும் சரிதான்.

வாரத்தில் நான்கு நாள் போதும். மூன்று நாள் 6 முதல் 10 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். சனிக்கிழமை லாங் ரன்: 10 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் ஒன்று இரண்டாகக் கூட்டிச் செப்டம்பர் கடைசிக்குள் 30-ஐத் தொடுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். வேகப் பயிற்சி ஜூலைக்கு முன்னால் வேண்டாம். கடைசி 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் போட்டிக்கும் நடுவே மூன்று வாரம் இருக்கட்டும். அந்த மூன்று வாரமும் தூரம் குறைந்துகொண்டே வரவேண்டும்.

பருவமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மே முடியும்போது பெருமழை ஓயும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் நைரோபியில் மேகமூட்டமும் குளிரும்தான். அலுவலகத்தில் எல்லோரும் ஸ்வெட்டரோடு சிடுசிடுப்பார்கள், ஓடுகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம். மழைக்காலத்தில் மட்டும் செம்மண் ரோட்டைத் தவிருங்கள். அந்த மண் காலணி அடியில் அப்பம்போல் ஒட்டும், அதன்மேல் இன்னொரு படலம் ஏறும்; அரை கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் கனத்துக் கணுக்கால் பிசகும்.

ஒரு விஷயம். குழுவில் நேரம் சொல்லும்போது கவனியுங்கள். சுவாஹிலியில் மணிக்கணக்கு நம் காலை ஆறில் தொடங்குகிறது. அவர்களுடைய ஒரு மணி நமக்கு ஏழு மணி. எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கே: எல்டொரெட்டில் துணி ஆலையில் வேலை. 44 வயது, தொப்பை உண்டு. காலையில் ரோட்டுக்கு வந்தால் உலக சாம்பியன்கள் காற்றாய்ப் பறக்கிறார்கள். இவர்கள் நடுவில் ஓட வெட்கமாக இருக்கிறது. பேசாமல் டிரெட்மில் வாங்கிவிடவா?
— வாசகர், எல்டொரெட்

ப: வாங்காதீர்கள். உலகமெங்கும் இருந்து ஓட்டக்காரர்கள் காசு செலவழித்து வருகிற ஊரில் இருக்கிறீர்கள், சுவரைப் பார்த்து ஓடுவானேன்?

உங்கள் ஊரிலிருந்து ஐடென் 35 கிலோமீட்டர்தான். ஊர் எல்லையில் ‘சாம்பியன்களின் தாயகம்’ என்று வளைவு இருக்கும். ஊட்டியைவிட உயரமான இடம், 2,400 மீட்டர். ஒரு நாள் லீவு போட்டு விடியற்காலையில் அங்கே போய் நில்லுங்கள். நீங்கள் பார்த்த பறக்கும் ஓட்டம் வாரத்தில் சில நாள்தான். மற்ற நாளில் கூட்டமாகக் கிளம்புவார்கள், முதல் இரண்டு கிலோமீட்டர் காலைத் தேய்த்துத் தேய்த்து வருவார்கள். மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடிப்பவர் என்றால் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடச் சொச்சம். அப்படிப்பட்டவர் காலையில் ஆறு நிமிட வேகத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வேகத்துக்கு நீங்களும் கொஞ்ச தூரம் கூடப் போகலாம். வியாழக்கிழமை போனால் இன்னொன்றையும் பார்க்கலாம்: ஃபார்ட்லெக். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு முக்கில் கூடுவார்கள். ஒருவர் நேரத்தைச் சொல்வார். பிறகு ஒரு நிமிடம் பாய்ச்சல், ஒரு நிமிடம் தளர்வு என்று மண்ரோட்டில் புழுதி எழும்பும்.

கென்யர் என்றாலே ஓட்டக்காரர் என்று நம் ஊரில் நினைக்கிறோம். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரில் தங்கம் வாங்கிய கிப் கெய்னோ தொடங்கி, மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டிய எலியுட் கிப்சோகே வரை, புகழ் பெற்றவர்களில் பெரும்பாலோர் ரிஃப்ட் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டுநிலத்துக் கலெஞ்சின் மக்கள். மற்றபடி இங்கேயும் தொப்பையும் சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. நைரோபி மாரத்தானில் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும்: வங்கி ஊழியர்கள், நர்ஸுகள், டிரைவர்கள். உங்கள் ஆலையிலேயே ஓட ஆசைப்பட்டு வெட்கப்படுகிறவர் ஒருவராவது இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

சாம்பியன்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள். சிறுபிள்ளைகள் மட்டும் “முஹிந்தி, முஹிந்தி” (இந்தியர்) என்று கத்திக்கொண்டு கூடவே ஓடிவரும். “ஹபாரி” (நலமா) என்று கேளுங்கள். அடுத்த வாரம் உங்களுக்காகக் காத்து நிற்கும்.

கே: நான் சைவம். கிசுமுவில் இருக்கிறேன், 38 வயது. அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிறேன். தூங்கி எழுந்தாலும் களைப்பு, முடி கொட்டுகிறது, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கணவர்.
— வாசகி, கிசுமு

ப: தயவுசெய்து பயிற்சியைக் கூட்டாதீர்கள், சகோதரி. இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துக் கையிருப்பு. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே அது வற்றத் தொடங்கிவிடும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. விக்டோரியா ஏரிக்கரையில் இருப்பதால் மலேரியாவுக்கும் சேர்த்துப் பாருங்கள். மலேரியா சிவப்பணுக்களைத்தான் உடைக்கிறது. மாசந்தோறும் ரத்தம் போகிறது, ஓடும்போது கூடுதல் தேவை, சாப்பாட்டில் இறைச்சி இல்லை. நம் பெண்கள் பலரும் இப்படித்தான் களைப்பைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளுகிறார்கள். எனக்கு இது மனசு பொறுக்காத விஷயம்.

சந்தையிலேயே மருந்து இருக்கிறது. விம்பி என்று விற்பது நம் கேழ்வரகு. இங்கே அதில் ஊஜி என்று கூழ் காய்ச்சிக் குடிக்கிறார்கள், உங்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. குண்டே என்பது தட்டைப்பயற்றின் இலை. டெரேரே நம் தண்டுக்கீரைக் குடும்பம். நெடெங்கு, பாசிப்பயறு. கீரையைப் பொரியல் செய்து எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். புளிப்பு இருந்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீ இரும்பைச் சேரவிடாது. கென்யாவில் டீக்கு மறுப்புச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் தள்ளுங்கள். இரும்பு மாத்திரை மட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ரிசல்ட் வரும்வரை ஓட்டம் இல்லை, நடைதான். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கே: அபெபே பிகிலா மாதிரி வெறுங்காலில் மாரத்தான் ஓடலாமா?
— கல்லூரி மாணவர், நக்குரு

ப: எத்தியோப்பியாவின் பிகிலா 1960-இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். 1964-இல் டோக்கியோவில் காலணி போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம், அதைவிடக் குறைந்த நேரத்தில். உங்கள் ஊர்ப் பாதையில் வேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும். சில கிராமங்களில் ஜிகர் என்ற தெள்ளுப்பூச்சி கால்விரல் தோலுக்குள் புகுந்துகொள்ளும். காலணி போடுங்கள். காசு இல்லையென்றால் மிதும்பாச் சந்தையில் பழையது வாங்கலாம். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கட்டையாகக் கிடந்தால் வேண்டாம். இங்குள்ள ஓட்டக்காரர்கள் ஓடி வந்ததும் முதல் வேலையாகக் காலணியை வாளித் தண்ணீரில் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தையல் தையலாகத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைப்பார்கள். அதையும் பழகுங்கள், நீண்ட நாள் வரும்.

கே: என் மகன் அடிஸ் அபாபாவில் இருக்கிறான், 29 வயது. மாரத்தான் ஓடப்போகிறேன் என்கிறான். ஓடும்போது இளம்பிள்ளைகள் விழுந்து இறந்ததாகச் செய்தியில் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லட்டுமா?
— தாயார், சங்கரன்கோவில்

ப: அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்வதைவிட இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்போ திடீர் மரணமோ உண்டா? ஓடும்போது எப்போதாவது நெஞ்சு வலித்ததா, மயக்கம் வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இதய டாக்டரைப் பார்த்து ஈசிஜி, எக்கோ எடுத்த பிறகுதான் பயிற்சி. இல்லையென்றாலும் தொடங்குமுன் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. காய்ச்சல் இருக்கும் நாளில் ஓடக்கூடாது, வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை பாதிக்கப்படலாம். தண்ணீர் நிறையக் குடி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். நீண்ட ஓட்டத்தில் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். தாகத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள்.

அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலே. முதல் முழு மாரத்தானை அந்த உயரத்தில் ஓடவேண்டியதில்லை. நவம்பரில் அங்கே கிரேட் எத்தியோப்பியன் ரன் நடக்கிறது, 10 கிலோமீட்டர். எத்தியோப்பியாவின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி 2001-இல் தொடங்கி வைத்தது. தெருவே திருவிழாவாக இருக்கும். இந்த வருடம் அது போதும் என்று சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: தனியாக ஓடுகிறானா என்று கேளுங்கள். எத்தியோப்பியர்கள் என்டோட்டோ மலைக்காட்டில் வரிசையாக, முன்னால் போகிறவர் காலைப் பார்த்து அதே இடத்தில் காலை வைத்து, மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுவார்கள். தனியாகப் பயிற்சி செய்வதை அவர்கள் நல்லதாக நினைப்பதில்லை. விடியற்காலையில் மெஸ்கெல் சதுக்கத்துப் படிகளிலும் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் உங்கள் மகனும் ஒருவன் என்றால், கால் தடுக்கினாலும் மூச்சு முட்டினாலும் பார்க்க ஆள் இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் தூங்கலாம்.

கே: கணவர் வேலைக்காக நைரோபி வந்திருக்கிறேன். தனியாக வெளியே ஓடப் பயம். எங்கே ஓடுவது, என்ன உடுத்துவது?
— இல்லத்தரசி, நைரோபி

ப: கருரா காட்டுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, வாசலில் காவல் உண்டு, உள்ளே முக்குக்கு முக்கு எண் எழுதிய கம்பம் இருப்பதால் வழி தவறாது. அருவியும் குரங்குகளும் வழித்துணை. 1990-களின் கடைசியில் இந்தக் காட்டைத் துண்டு போட்டுத் தனியாருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். 1999 ஜனவரியில் கென்யச் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் மரக்கன்று நடப் போனபோது அடியாட்கள் தாக்கித் தலையில் காயம்பட்டது. அவர் பின்வாங்கவில்லை. 2004-இல் அவருக்கு அமைதி நோபல் கிடைத்தது. இன்று பெண்கள் நிம்மதியாக ஓடும் காடாக அது இருப்பதற்கு அவரும் அவரோடு நின்றவர்களும் காரணம். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ரோட்டில் ஓடினால் இருட்டில் வேண்டாம், வண்டிகளுக்கு எதிர்முகமாக வலதுபக்கம் ஓடுங்கள். அடையாள அட்டையின் நகல், எம்-பெசா (போன்வழிப் பணம்) உள்ள சாதாரண போன், இது போதும். நகையைக் கழற்றி வைத்துவிடுங்கள். தளர்வான டிராக் பேண்ட், முழுக்கை டி-ஷர்ட், தொப்பி. நில நடுக்கோட்டுக்குப் பக்கம், அதிலும் இந்த உயரத்தில், மேகம் இருந்தாலும் வெயில் தோலைச் சுடும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

கே: காண்டாமிருகம் மேயும் காட்டில் மாரத்தான் நடக்கிறதாமே, உண்மையா? போகலாமா?
— வாசகர், தார் எஸ் சலாம்

ப: உண்மைதான். லேவா வனவிலங்குக் காப்பகத்தில், கென்ய மலைக்கு வடக்கே, 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. மாதம் ஜூன். திரட்டும் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. நைரோபியிலிருந்து முந்தின நாளே போய்க் கூடாரத்தில் தங்கவேண்டும். இரவில் குளிர் எலும்புக்குள் இறங்கும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன், தண்ணீர் மேசையில் நின்று உதவியும் இருக்கிறேன். காலையில் ஹெலிகாப்டர் பாதைமேல் தாழப் பறந்து விலங்குகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும். பாதையோரம் துப்பாக்கியோடு காவலர்கள் நிற்பார்கள். தூரத்தில் வரிக்குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். உடம்பில் கோடு நெருக்கமாக, காது பெரிதாக இருந்தால் அது கிரேவி வரிக்குதிரை, அருகிவரும் இனம். காண்டாமிருகத்தைப் பார்க்கும் ஆசையை ஓட்டத்துக்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சிரமம் விலங்குகளால் இல்லை. முழு மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டர் சுற்றை இரண்டு தடவை சுற்றவேண்டும், முழுக்க மண்ரோடு, மேடு பள்ளம், 1,700 மீட்டர் உயரம். முதல் சுற்றில் பெருங்கூட்டம், பாட்டு, கைதட்டல். அதில் பெரும்பாலோர் அரை மாரத்தான்காரர்கள். அவர்கள் முடித்து நிழலில் உட்காரும்போது முழுத்தூரக்காரர்கள் வெயிலில் மறுபடி கிளம்ப வேண்டும். இரண்டாம் சுற்றில் என் மேசைக்கு வந்தவர்களின் முகம் நினைவிருக்கிறது: புருவத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை செம்புழுதி, கையில் கொடுத்த ஆரஞ்சுத் துண்டைத் தோலோடு வாயில் வைப்பார்கள். ஒரு பெண் தண்ணீரைக் குடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் பிறகு ஓடினார்.

நீங்கள் இருப்பது கடற்கரை ஊர். வெயில் பழக்கம், உயரம் பழக்கமில்லை. முதல் முறை 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள். முழுத் தூரம்தான் வேண்டுமென்றால் ஏற்கெனவே ஒரு மாரத்தானாவது ஓடியிருக்க வேண்டும், நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் மேட்டில் நடக்க மனசும் இருக்க வேண்டும்.

கே: நைரோபியில் பயிற்சி செய்து ஜனவரியில் சென்னையில் ஓடினால் சிறகு முளைத்த மாதிரி இருக்குமா?
— வாசகர், நைரோபி

ப: மூச்சு லேசாக இருக்கும், உடம்பு கொதிக்கும். நைரோபியின் காய்ந்த குளிர்காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர உலராது, சூடு இறங்காது. உடம்பு புழுக்கத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். லீவைப் போட்டிக்குப் பிறகு வைக்காமல் முன்னால் வையுங்கள், அந்த நாட்களில் விடியற்காலை மெல்ல ஓடுங்கள். மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து இறங்குகிறவர்களிடம் கேட்பார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், பழைய அட்டையே போதும்.